பிளாண்டின் கையிலிருந்த கழி

1859 ஜூன் 30. நயாகரா அருவிக்குச் சற்றுக் கீழே, ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு 300 மீட்டருக்கும் நீளமான வடக்கயிறு. அதில் நடந்து போனவர் பிளாண்டின். பிரான்சில் சர்க்கஸ் வித்தைக்காரரின் மகனாகப் பிறந்து, ஐந்து வயதிலேயே லியோன் நகரில் பயிற்சிக்கு விடப்பட்டவர்.

கையில் நீண்ட கழி ஒன்று. அது ஈர்ப்பு மையத்தை, அதாவது எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியை, கயிற்றுக்குக் கீழே இறக்கிவிடும், அதனால்தான் விழுவதில்லை என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. 65 கிலோ ஆளின் ஈர்ப்பு மையம் கயிற்றுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே இருக்கும். 18 கிலோ கழி எவ்வளவு வளைந்து தொங்கினாலும் அதைக் கயிற்றுக்குக் கீழே கொண்டுபோக முடியாது.

கழி தருவது நேரம். எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறதோ, அந்தப் பொருளைச் சுழலவைப்பது அவ்வளவு கடினம். இதுதான் பள்ளியில் படித்த நிலைமத் திருப்புத்திறன். ஒன்பது மீட்டர் கழியின் நிலைமத் திருப்புத்திறன், அதைப் பிடித்திருக்கும் ஆளுடையதைவிடவே அதிகம். எனவே உடல் சாயும் வேகம் குறைகிறது. தோராயமாகக் கணக்கிட்டால், சமாளிக்கக் கிடைக்கும் அவகாசம் ஒன்றரை மடங்காகிறது. விநாடியின் சிறு பங்குதான். பழகிய உடலுக்கு அது போதும்.

அந்த அவகாசத்தில் செய்வதுதான் வேடிக்கை. வலப்பக்கம் சாய்ந்தால், கழியின் வலது முனையையே கீழே அழுத்த வேண்டும்! கழி ஒரு பக்கம் சுழல, எதிர்விசை உடலை மறுபக்கம் தள்ளி நிமிர்த்திவிடுகிறது. நம் ஊர்த் தெருவில் கயிற்றில் நடக்கும் கழைக்கூத்தாடிச் சிறுமியின் மூங்கிலும் செய்வது இதையேதான்.

அதே 1859 ஆகஸ்டில் பிளாண்டின் தன் மேலாளர் ஹாரி கோல்கார்டை முதுகில் சுமந்து கடந்தார். "நான் ஆடினால் நீயும் கூடவே ஆடு, நீயாகச் சமாளிக்கப் பார்க்காதே" என்பதே அவருக்கு இட்ட கட்டளை. ஒரு கயிற்றில் இரண்டு மூளைகள் தனித்தனியே திருத்தப் போனால், ஒருவர் திருத்தம் மற்றவருக்குத் தள்ளலாகிவிடும்.

1861இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஐந்து வயது மகளைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துக் கயிற்றில் தள்ளிப் போனார். அவள் பூவிதழ்களைத் தூவியபடி வந்தாள். இனி அவளை ஏற்றக் கூடாது என்று அரசு தடுத்துவிட்டது. அவர் மட்டும் நிறுத்தவில்லை. 1896இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கடைசியாகக் கயிறேறியபோது வயது 72.