"நல்லாத் தூங்கிட்டு வந்தான் டாக்டர்"

இந்தக் குளிர்காலத்தில் குளிரில் விறைத்து என்னிடம் வந்த மூன்றாவது குழந்தை இது. ஒன்பது மாதம். அப்பாவின் முதுகில், குழந்தையைச் சுமக்கும் கேரியரில் உட்கார்ந்திருக்க, முன்னால் நாய் ஓட, இரண்டு மணி நேரம் பனியில் நடந்துவிட்டு வந்திருக்கிறார்கள். அப்பாவின் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. "வழியெல்லாம் அழவே இல்லை, நல்லாத் தூங்கிட்டு வந்தான் டாக்டர்" என்றார் அம்மா. காலுறையைக் கழற்றினேன். பாதம் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தது, விரல் நுனிகள் மரத்திருந்தன. உடல் வெப்பம் 34.6 டிகிரி செல்சியஸ். 35-க்குக் கீழே போனாலே ஆபத்து. அவன் தூங்கவில்லை, துவண்டு போயிருந்தான்.

பிழைத்துக்கொண்டான், விரல்களும் தப்பின. ஆனால் மூன்று வீட்டுப் பெற்றோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "எங்களுக்கே வேர்த்துது, அவனுக்கு எப்படிக் குளிரும்?" அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பாருங்கள். நீங்கள் பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுகிறீர்கள். தொடையும் முதுகும் உழைக்கின்றன, உடம்பு அடுப்பு மாதிரி எரிகிறது. முதுகில் இருப்பவன் ஒரு தசையைக்கூட அசைக்கவில்லை. உடுப்பு சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம், தலையும் பெரிது, கைக்குழந்தைக்குச் சரியாக நடுங்கக்கூட வராது. போதாததற்கு உங்கள் தோளுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு காற்றை வாங்குகிறான். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 20 போல. ஸ்ட்ரோலர் என்ற தள்ளுவண்டியிலோ, பனியில் இழுத்துப்போகும் ஸ்லெட்டிலோ உட்கார்ந்து வரும் குழந்தைக்கும் இதே கதைதான். உங்களுக்கு வேர்த்து ஜாக்கெட்டைக் கழற்றத் தோன்றுகிறதா, உடனே நின்று குழந்தையைத் தொட்டுப் பாருங்கள்.

எங்கே தொடுவது? கையை அல்ல. கை சில்லென்று இருந்தாலும் உள்ளே சூடாக இருக்கலாம். பிடரியில், நெஞ்சில் விரலை விடுங்கள். அங்கே சில்லிட்டிருந்தால் நடை முடிந்தது, திரும்புங்கள். கன்னம் சிவந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், குளிரில் விறைத்த குழந்தைக்கும் முகம் சிவந்திருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, கீழே இறக்கி, காலை ஆட்டவிட்டு மறுபடி தூக்குங்கள்; தொங்கும் காலைக் கேரியர் வார் அழுத்தினால் ரத்த ஓட்டம் குறையும். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறை போடுவதும் அதே தப்புதான். உள்ளே பருத்தி வேண்டாம், கம்பளி போடுங்கள். நனைந்த டயப்பரை அங்கேயே மாற்றுங்கள். ஸ்ட்ரோலரைப் போர்வையால் முழுக்க மூடாதீர்கள், உள்ளே காற்றுப் போக வேண்டும். காரில் குழந்தைக்குத் தடித்த ஜாக்கெட்டோடு இருக்கை வாரை மாட்டாதீர்கள். மோதினால் அது நசுங்கி வார் தளர்ந்துவிடும். (இதை எத்தனை தடவை சொல்வது!)

அப்புறம் நாய். அது என் துறை இல்லை, கால்நடை மருத்துவத் தோழி ஒருத்தியின் புலம்பலைத்தான் சொல்கிறேன். "அதுக்குத்தான் உரோமம் இருக்கே" என்பதும் மேலே சொன்ன அதே நினைப்புதான். ஓடும்வரை சரி, நீங்கள் உட்கார்ந்து சாப்பிடும் அரை மணி நேரத்தில், வயிறு நனைந்த குட்டை உரோம நாயோ கிழட்டு நாயோ விறைக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு காலாகத் தூக்கி நின்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். சாலையில் கொட்டும் உப்பு பாதத்தை அரிக்கும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும், அதனால் வந்தவுடன் வெதுவெதுப்பான நீரில் பாதத்தைக் கழுவித் துடையுங்கள். காரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் இனிக்கும். தரையில் சிந்தியிருந்தால் நாயும் நக்கும், தவழும் குழந்தையும் நக்கும், இருவருக்கும் சிறுநீரகம் போய்விடும். குழந்தை கையிலிருந்து விழும் திராட்சை வற்றலும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம்.

தயவுசெய்து நாயின் கயிற்றை ஸ்ட்ரோலர் கைப்பிடியில் கட்டாதீர்கள். உறைந்த ஏரி பக்கம் கயிற்றை அவிழ்க்கவும் வேண்டாம். ஆள் நடக்கக் குறைந்தது 10 சென்டிமீட்டர் கெட்டியான தெளிந்த பனிக்கட்டி வேண்டும், நாய்க்கு அந்தக் கணக்குத் தெரியாது. அது உள்ளே விழுந்தால், கரையிலிருந்தே கூப்பிடுங்கள், உதவிக்கு ஆள் அழையுங்கள், நீங்கள் இறங்காதீர்கள். சில்லிட்ட நீரில் பத்து நிமிடத்தில் கை கால் சொன்னபடி கேட்காது, கரையில் குழந்தை தனியாக நிற்கும்.

நாய்க்கு நீண்ட நடை வேண்டும், குழந்தைக்கு வேண்டாம். இரண்டையும் ஒரே நடையில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒருவர் நாயோடு போகட்டும், இன்னொருவர் குழந்தையோடு காருக்குப் பக்கத்திலேயே அரை மணி நேரம் விளையாடட்டும்.

குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சத்தமில்லாமல், பால் குடிக்காமல், எழுப்பினாலும் விழிக்காமல் இருந்தால், "வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். உடனே மருத்துவ உதவிக்கு அழையுங்கள். ஈர உடுப்பைக் கழற்றி, உங்கள் வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே ஜாக்கெட்டை மூடிக்கொள்ளுங்கள். வெளுத்த விரலைத் தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். ஹீட்டர் முன்னால் காட்டவும் வேண்டாம், மரத்த தோல் சுடுவது அவனுக்குத் தெரியாது. அப்படியே அணைத்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.