தன்னெதிர்ப்பொருள்: இதயத்தை முடுக்கும் வகை

ஆட்டோஆன்டிபாடி. 'ஆட்டோ' என்றதும் நமக்கு மூன்று சக்கர வண்டி ஞாபகம் வரும். மொழிபெயர்ப்புச் செயலிகளுக்கோ 'தானியங்கி'. இரண்டும் இங்கே ஒட்டாது. கிரேக்கத்தில் 'ஔடோஸ்' என்றால் 'தான்'. ஆன்டிபாடி என்பது கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்; ஆட்டோஆன்டிபாடி என்றால் தன் உடலையே குறிவைக்கும் ஆன்டிபாடி என்று பொருள்.

பின்பாதிக்கு மூலம், ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் 1891-ல் கையாண்ட 'ஆன்டிகோர்ப்பர்'. கோர்ப்பர் என்பது உடலையும் குறிக்கும், பொருளையும் குறிக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'எதிர்ப்பொருள்' என்கின்றன, இலங்கையில் 'பிறபொருளெதிரி'. இரண்டாவது இன்னும் அழகு: வெளியிலிருந்து வரும் கிருமி போன்ற பிற பொருளுக்கு எதிரி. ஆனால் ஆட்டோ முன்னால் வந்ததும் மாட்டிக்கொள்கிறது; தன்னையும் பிறனையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டியிருக்கிறது. அதனால் என் ஓட்டு 'தன்னெதிர்ப்பொருள்' என்பதற்கு. எர்லிக்கே இப்படியொரு தாக்குதலை உடல் தவிர்த்துவிடும் என்றுதான் கருதினார்; அதற்கு 'ஹாரர் ஆட்டோடாக்ஸிகஸ்' என்று லத்தீனில் பெயரும் வைத்தார்.

சரி, இதயத்துக்கு வருவோம். இதயத் தசைச் செல்லின் மேற்பரப்பில் 'பீட்டா-1' என்ற ரிசெப்டார் இருக்கிறது. தமிழில் 'ஏற்பி', இலங்கையில் 'வாங்கி'. அட்ரினலின் வந்து அதில் ஒட்டினால் துடிப்பின் வேகமும் வலுவும் கூடும். "ஹார்ட் பெரிசா இருக்கு, பம்பிங் கம்மி" என்று எக்கோ பார்த்துச் சொல்வார்களே, அந்த இதயத்தசை விரிவு நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினரின் இரத்தத்தில், இந்த ஏற்பியைப் பிடிக்கும் தன்னெதிர்ப்பொருள் காணப்படுகிறது.

இதைக் காட்டிய முறை அருமையானது. பிறந்த எலிக்குட்டியின் இதயச் செல்களைத் தட்டில் வளர்த்தால் அவை தாமாகவே துடிக்கும். கிழக்கு பெர்லினில் ஆய்வாளர்கள் கெர்ட் வல்லுகாட்டும் ஆல்பர்ட் வோலன்பெர்கரும் நோயாளிகளின் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருளை அவற்றின் மேல் விட்டு, மைக்ராஸ்கோப்பில் துடிப்பை எண்ணினார்கள். வேகம் கூடியது. பீட்டா ஏற்பியை அடைக்கும் மருந்தான பீட்டா பிளாக்கரைச் சேர்த்தால் அடங்கியது. 1987-ல் இது வெளியானது.

இங்கேதான் 'எதிர்' என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. இந்த எதிர்ப்பொருள் ஏற்பியை எதிர்க்கவில்லை, அட்ரினலினைப் போலவே முடுக்குகிறது. அட்ரினலின் வேலை முடிந்ததும் விலகிவிடும். தூண்டல் நீடித்தால் ஏற்பியும் மெல்ல மரத்துப்போகும். இந்தத் தன்னெதிர்ப்பொருளோ, அழைப்புமணிப் பொத்தானில் விரலை வைத்து எடுக்காமலே நிற்கும் ஆள். 2004-ல் ரோலண்ட் யான்ஸ் குழுவினர், இந்த ஏற்பியின் வெளிப்புற வளைவொன்றுக்கு எதிராக எலிகளின் உடலில் எதிர்ப்பொருளை உண்டாக்கினார்கள். மாதக்கணக்கில் அவற்றின் இதயம் விரிந்து தளர்ந்தது. அவற்றின் சீரத்தை, அதாவது எதிர்ப்பொருள் உள்ள இரத்த நீரை, வேறு எலிகளுக்கு ஏற்றியபோது அவற்றுக்கும் அதே கதி.

முடுக்கும் வகை இதயத்துக்கு மட்டும் உரியதல்ல. தைராய்டைத் தூண்டும் கிரேவ்ஸ் நோயும் இதே இனம். தசைகள் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிரேவிஸ் நோய் நேரெதிர். அங்கே தன்னெதிர்ப்பொருள் தசையின் ஏற்பியைச் செயலிழக்க வைக்கிறது. ஆகவே வெறுமனே தன்னெதிர்ப்பொருள் என்று விடாமல் 'ஏற்பி முடுக்கும்', 'ஏற்பி தடுக்கும்' என்று அடைமொழி சேர்த்து எழுதினால் குழப்பம் வராது.

இவை ஏன் உருவாகின்றன என்பதற்குத் தென் அமெரிக்காவில் ஓர் ஒட்டுண்ணியால் வரும் சாகஸ் நோய் ஒரு துப்புத் தருகிறது. அந்த ஒட்டுண்ணியின் ஒரு புரதத் துண்டு பீட்டா-1 ஏற்பியின் வளைவைப் போலிருப்பதால், ஒட்டுண்ணிக்கென உருவான எதிர்ப்பொருள் இதயத்திலும் போய் ஒட்டுகிறது.

சிகிச்சைப் பக்கத்தில் இன்னொரு கடினச் சொல்: இம்யூனோஅட்சார்ப்ஷன். 'நோயெதிர்ப்புப் பரப்புக்கவர்ச்சி' என்று நாக்கைச் சுளுக்க வேண்டாம். 'எதிர்ப்பொருள் வடிப்பு' போதும். இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து, எதிர்ப்பொருளைப் பிடித்துவைக்கும் குழாய் வழியே செலுத்தி, மீண்டும் உடலில் ஏற்றுவார்கள். ஜெர்மனியில் இதயத்தசை விரிவு நோய்க்கு முயன்றிருக்கிறார்கள்; எல்லா இடத்திலும் செய்யும் வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை.