‘ஒண்ணும் வேண்டாம், பார்த்துக்கிறோம்’: புற்றுநோய்க் காலத்தில் உதவியைத் தேடுவது எப்படி?

புற்றுநோய்ப் பிரிவில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். என்னைத் தேடி வருபவர்கள் குறைவு. நான்தான் வார்டுக்கும் கீமோ அறைக்கும் போய்ப் பேசுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன்: "உங்களுக்கு ஏதாவது உதவி வேணுமா?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒண்ணும் வேண்டாம் மேடம், பார்த்துக்கிறோம்."

அப்படிச் சொன்னவர்களில் ஒருவர், மனைவியை ரேடியேஷனுக்குக் கூட்டிவந்தவர். வாரத்தில் ஐந்து நாள் வர வேண்டும். மூன்றாவது வாரத்தில் இரண்டு நாள் அவர்களைக் காணவில்லை. உடம்பு மோசமாகிவிட்டதோ, பயந்து நிறுத்திவிட்டார்களோ என்று பதறி போன் செய்தேன். காரணம் வேறு. அவருக்கு அதற்கு மேல் லீவு கிடைக்கவில்லை. மனைவியால் தனியாக அவ்வளவு தூரம் வர முடியவில்லை. நோயாளிகளைக் கூட்டிவந்து திரும்ப வீட்டில் விடும் தொண்டர் குழு ஒன்றின் நோட்டீஸ், அவர் தினமும் உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் எதிர்ச் சுவரில்தான் ஒட்டியிருந்தது. "பார்த்தேன் மேடம். அதெல்லாம் யாருமே இல்லாதவங்களுக்குன்னு நினைச்சேன்" என்றார்.

அதற்கப்புறம் என் கேள்விகளை மாற்றிக்கொண்டேன். எப்படி வந்து போறீங்க? ராத்திரி தூக்கம் வருதா? நீங்க இங்கே இருக்கும்போது பிள்ளைகளை யார் பார்த்துக்கிறாங்க? இப்படிக் கேட்டால் ‘ஒண்ணும் வேண்டாம்’ என்று யாரும் சொல்வதில்லை.

உங்களிடம் நான் சொல்லவந்ததும் இதுதான். ‘புற்றுநோய்க்கு உதவி’ என்று மொத்தமாகத் தேடாதீர்கள். இந்த வாரம் எது உங்களை நிறுத்தியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வண்டி, வாடகை, வலி, வாயெல்லாம் புண்ணாகிச் சாப்பிட முடியாதது, பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்ற தவிப்பு, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆள் இருக்கிறார்.

ஹரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1990-இல் நியூயார்க்கின் ஹார்லம் மருத்துவமனையில் இந்த வழியைத்தான் பிடித்தார். மார்பகப் புற்றுநோயோடு அங்கே வந்த ஏழைப் பெண்களில் பலர் நோய் முற்றிய பிறகே வந்தார்கள். கட்டி இருப்பது தெரிந்த பிறகும் அடுத்த பரிசோதனைக்கு வராமல் நின்றுபோனவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குத் துணையாக வழிகாட்டிகளை அமர்த்தினார். பணமா, பயமா, வண்டியா, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லையா, எது தடையோ அதை அந்த வழிகாட்டி தீர்த்துவைப்பார். இலவசமாகவோ குறைந்த செலவிலோ பரிசோதனையும் கூடவே நடந்தது. முன்பு அங்கே ஐந்து ஆண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம். பின்பு அது 70 சதவீதமானது.

யாரிடம் கேட்பது? முதலில் கீமோ போடும் நர்ஸிடம். டாக்டருக்குத் தெரியாத பல விஷயம் அவருக்குத் தெரியும். அப்புறம் மருத்துவமனையில் சமூகப் பணியாளரோ ஆலோசகரோ இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மூன்றாவதாக, பக்கத்து நாற்காலியில் இருப்பவர். எந்தக் குழு போனை எடுக்கும், எது பெயருக்கு இருக்கிறது என்பதை அவரைப் போலத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஒரு அம்மாவிடம் பதினோரு போன் நம்பர் கொண்ட தாளைக் கொடுத்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்தபோது, நான்காக மடித்த மடிப்புக் கலையாமல் அது அவருடைய ஃபைலிலேயே இருந்தது. களைத்துப்போனவரிடம் பதினோரு நம்பரைக் கொடுப்பது இன்னொரு சுமையைக் கொடுப்பதுதான். இப்போது ஒரே நம்பர்தான் தருகிறேன். அதையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே நானே போட்டுக் கொடுக்கிறேன். ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்று சொல்லும் சொந்தக்காரர்களிடம் போன் செய்யும் வேலையைக் கொடுங்கள். போனில் கேட்க நாலு விஷயம் போதும்: இதற்குப் பணம் கட்ட வேண்டுமா, டாக்டர் கடிதம் வேண்டுமா, எத்தனை நாளில் கிடைக்கும், உங்களால் முடியாவிட்டால் வேறு யாரைக் கேட்கலாம்? கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

முன்பணம் கட்டு, சிகிச்சையை நிறுத்து, நாங்கள் குணமாக்குகிறோம் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

பாலியேட்டிவ் கேர் என்ற பெயரைக் கேட்டதும் பலர், டாக்டர்கள் தங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து உடைந்துபோகிறார்கள். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மனவேதனை இவற்றைக் குறைப்பதுதான் அதன் வேலை. கீமோ நடக்கும்போதே அதைப் பெறலாம். முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரைச் சேர்த்து பாஸ்டனில் நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஆரம்பத்திலேயே இதையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. உயிரோடு இருந்த காலமும் கூடியது: இடைநிலைக் கணக்கில் (அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்த காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம்.

மனவேதனையை அளக்க ஒரு எளிய தாள் எங்களிடம் உண்டு. 0 முதல் 10 வரை குறித்த தெர்மாமீட்டர் படம்; போன ஒரு வாரத்தை நினைத்து ஒரு எண்ணை வட்டமிட வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் விரிவாகப் பேசியாக வேண்டும். பக்கத்திலேயே தூக்கம், வலி, பயணம், குழந்தைப் பராமரிப்பு என்று ஒரு பட்டியல் இருக்கும். என்ன கேட்பது என்று தெரியாதவர்களுக்கு அந்த டிக் போடும் கட்டங்கள் பெரிய உதவி.

அந்தத் தாளைக் கூடவே வந்திருப்பவரிடமும் கொடுக்கிறேன். ரேடியேஷனுக்கு மனைவியைக் கூட்டிவந்தவர் பேனாவை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். அப்புறம் 8-ஐ வட்டமிட்டு, தாளைத் தலைகீழாகத் திருப்பி என் மேஜையில் வைத்தார்; மனைவி பார்க்கக் கூடாது என்று. அவரை எங்கள் ஆலோசகரிடம் கூட்டிப்போனேன்.