முழு சார்ஜில் பரணில் வைத்த லிப்போ ஏன் வீங்குகிறது?

கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "ரிமோட் விமானத்துக்கு வாங்கிய 3எஸ் லிப்போ பேட்டரியை, பரீட்சை வந்துவிட்டதால் முழுசாகச் சார்ஜ் ஏற்றிப் பரணில் வைத்தேன். ஜூனில் எடுத்துப் பார்த்தால் வீங்கிக் கிடக்கிறது. ஒருமுறைகூடப் பறக்கவிடாத பேட்டரி எப்படிக் கெட்டுப்போகும்? ஃபுல் சார்ஜில் வை என்று மாமாதான் சொன்னார்."

லிப்போ என்பது லித்தியம் பாலிமர் பேட்டரி. 3எஸ் என்றால் அதில் மூன்று செல்கள் தொடராக இணைந்திருக்கும். மாமா சொன்னது இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் சரி. டிராக்டரிலும் இன்வெர்ட்டரிலும் காலங்காலமாக நாம் பழகியது ஈய அமில பேட்டரி. அதைச் சார்ஜ் இறங்கிய நிலையில் போட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாக இறுகிவிடும், பிறகு சார்ஜ் சரியாக ஏறாது. ஆகவே அதை நிரப்பித்தான் வைக்க வேண்டும். லித்தியத்தில் நடக்கும் வேதியியலே வேறு.

அடிப்படை பள்ளிப் பாடம்தான். எதிர்முனையில் கிராஃபைட், நேர்முனையில் கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடு, நடுவில் கரிமத் திரவத்தாலான மின்பகுளி. சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காரும். பறக்கும்போது திரும்பி வரும். ஒரு செல் நிரம்பினால் 4.2 வோல்ட், ஆகவே 3எஸ் என்றால் 12.6. பறக்கும்போது 3 வோல்ட்டுக்குக் கீழே எந்தச் செல்லையும் இறக்கக்கூடாது. இதையெல்லாம் விளையாடுகிற பிள்ளைகளே சொல்வார்கள்.

எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத விஷயம் அந்தக் கிராஃபைட்டின் மேற்பரப்பில் இருக்கிறது. கிராஃபைட்டுக்குள் லித்தியம் ஏற ஏற அதன் நிறமே மாறும்: கருப்பு, பிறகு செம்பு போன்ற சிவப்பு, முழுதும் நிரம்பினால் பொன்னிறம். அந்தப் பொன்னிறக் கிராஃபைட்டின் மின்னழுத்தம் சுத்தமான லித்திய உலோகத்தைவிட 0.1 வோல்ட் அளவுதான் மேலே. கிட்டத்தட்ட லித்திய உலோகத்தின் ஆவேசம் அதற்கு உண்டு. மின்பகுளியில் இருக்கும் எத்திலீன் கார்பனேட்டோ அதே அளவுகோலில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே போனாலே சிதையத் தொடங்கும். கணக்குப்படி பார்த்தால், முதல் தடவை சார்ஜ் ஏற்றும்போதே மின்பகுளி முழுவதும் சிதைந்து பேட்டரி செத்திருக்க வேண்டும்.

சாவதில்லை. ஏனென்றால் சிதைந்த பொருளே கிராஃபைட்டின் மேல் படிந்து காவலாக நின்றுவிடுகிறது. பால் ஆறும்போது அந்தப் பாலிலிருந்தே ஆடை படிகிறதே, அதைப்போல. லித்தியம் கார்பனேட், லித்தியம் ஃபுளோரைடு, இன்னும் சில கரிம உப்புகள் சேர்ந்த, சில பத்து நானோமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள படலம் அது. எலக்ட்ரானை அது விடாது, லித்தியம் அயனியை விடும். எலக்ட்ரான் வெளியே வராததால் மின்பகுளி மேற்கொண்டு சிதையாது, அயனி உள்ளே போவதால் பேட்டரி வேலை செய்யும். இஸ்ரேலைச் சேர்ந்த வேதியியலாளர் இமானுவேல் பெலெட் 1979இல் இதை விளக்கினார். 2019இல் லித்தியம் பேட்டரிக்காக குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் உருவாக்கியது நம் கைபேசிகளில் ஆண்டுக்கணக்கில் உழைப்பதற்குக் காரணம், யாரும் திட்டம் போட்டு வைக்காமல் தானே உண்டாகும் இந்தப் படலம்.

சரி, பரணில் என்ன நடந்தது? அந்தப் படலம் முழுக் காவல் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக எலக்ட்ரான் கசியும், மின்பகுளி இன்னும் கொஞ்சம் சிதையும், படலம் தடிக்கும். ஒவ்வொரு முறையும் லித்தியத்தில் ஒரு பங்கு அதில் சிக்கித் திரும்பாமல் போகும். தடிக்கத் தடிக்க வேகம் குறையும் என்பது உண்மை. ஏறக்குறைய நாலு மடங்கு காலம் ஆனால்தான் தடிமன் இரண்டு மடங்காகும். ஆனால் கிராஃபைட் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் அது தன் மிகத் தாழ்ந்த மின்னழுத்தத்தில் நிற்கிறது, மின்பகுளியின் சிதைவும் அதற்கேற்ப வேகமாகிறது. மறுமுனையில், 4.2 வோல்ட்டில் இருக்கும் ஆக்சைடு மின்பகுளியிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. இந்தச் சிதைவுகளில் கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் போன்ற வாயுக்கள் பிறக்கின்றன. லிப்போவின் உறை மெல்லிய அலுமினியத் தாளும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய பை. வாயு போக வழியில்லை, பை வீங்குகிறது. விமானம் பறந்ததா இல்லையா என்பது இந்த வேதிவினைக்குத் தெரியாது.

இதோடு வெயில். 10 டிகிரி கூடினால் இப்படிப்பட்ட வினைகள் ஏறக்குறைய இரட்டிப்பு வேகமாகும் என்பது வேதியியலில் பழகிய தோராயக் கணக்கு. சித்திரை, வைகாசியில் தஞ்சை, திருச்சிப் பக்கம் நிழலிலேயே 38, 40 டிகிரி அடிக்கிறது. தகரத்துக்கோ ஓட்டுக்கோ அடியில் உள்ள பரணில் இன்னும் கூடும். அதாவது மாணவர் முழு சார்ஜ், முழு வெயில் இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டார். நெல் வயலில் மருந்தடிக்கும் டிரோன் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான். சம்பா அறுவடை முடிந்து ஓரங்கட்டிய பேட்டரிகள், மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை வேலை தொடங்கும்வரை கோடை முழுவதும் கொட்டகையில் கிடக்கின்றன.

அப்படியானால் காலியாக வைக்கலாமா? அதுவும் ஆகாது. பேட்டரி தானாகவும் மெல்ல இறங்கும். மிகவும் இறங்கிப்போனால் எதிர்முனையின் மின்னழுத்தம் ஏறி, கிராஃபைட்டைத் தாங்கியிருக்கும் செம்புத் தகடே கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆக வழிசெய்யும்.

எனவே நடுவில் நிறுத்த வேண்டும்: செல் ஒன்றுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட். 3எஸ் என்றால் 11.4 முதல் 11.55. நல்ல சார்ஜர்களில் 'ஸ்டோரேஜ்' என்று ஒரு முறை இருக்கிறது, அதை அழுத்தினால் ஏற்றவோ இறக்கவோ செய்து அங்கே கொண்டுவந்து நிறுத்தும். மழை வந்து பறக்க முடியாமல் போன நாளில்கூட, முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியை இரண்டு மூன்று நாளுக்குள் இறக்கிவிடுங்கள். விமானத்திலிருந்து கழற்றி வையுங்கள். சுவிட்சை அணைத்திருந்தாலும் மோட்டார் கன்ட்ரோலர் சொட்டுச் சொட்டாக மின்சாரம் உறிஞ்சும். ஒவ்வொரு செல்லிலிருந்தும் கம்பி வரும் பேலன்ஸ் பிளக்கில் செருகிய, வோல்ட் குறைந்தால் ஒலிக்கும் பஸ்ஸரும் அப்படியே. மாதம் ஒருமுறை ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இடம் என்றால், வீட்டிலேயே குளிர்ச்சியான அறையின் தரைமட்டம். ஃப்ரிட்ஜ் வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் பேட்டரி மேல் தண்ணீர் பூத்து நிற்கும். தீப்பிடிக்கும் நிலை வந்தால், முதலில் உடைவதும் அந்தப் படலம்தான்: ஏறக்குறைய 80 முதல் 120 டிகிரிக்குள் அது வெப்பத்தைக் கக்கிக்கொண்டு சிதையும், அந்த வெப்பம் அடுத்த வினையைத் தூண்டும். அதனால் இரும்புப் பெட்டியிலோ தீயைத் தாங்கும் லிப்போ பையிலோ வைத்து, வைக்கோல், விதைமூட்டை, துணி எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியைக் காற்றுப்புகாமல் மூடக்கூடாது, வாயு அடைபட்டால் பெட்டியே வெடிக்கும்.

இங்கே ஒரு ஆதங்கத்தைச் சொல்லியாக வேண்டும். தஞ்சையிலிருந்து புதுக்கோட்டை வழியாகப் போனால் காரைக்குடி. அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்டது. நம் வெயிலில் ஒரு பேட்டரி சும்மா கிடந்தால் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை அறிய, ஆண்டுக்கணக்கில் பொறுமையாக அளந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலைக்குச் சில ஆண்டுகளில் முடிகிற திட்ட நிதி போதாது. 25 டிகிரி அறையில் அளந்த ஆயுளைப் பெட்டியில் அச்சடித்து டெல்டாவில் விற்பதை நாம் ஏற்கக்கூடாது. நீண்ட கால ஆய்வுக்கு அரசு தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக, வீங்கிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குத்துகிற ஊசியே உள்ளே ஷார்ட் ஆக்கலாம். உள்ளே நுழையும் ஈரம் மின்பகுளியின் உப்போடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு உண்டாகும். உப்புத் தண்ணீரில் போடுவதும் நம்பத்தக்கதல்ல, சார்ஜ் முழுதாக இறங்கும் முன்பே கம்பி இணைப்பு அரித்துப் போய்விடலாம். திறந்தவெளியில், சிமெண்டுத் தரையில் வைத்து, 3எஸ் பேட்டரியோடு 12 வோல்ட் வண்டி பல்பு ஒன்றை இணைத்து, தள்ளி நின்று அணையும்வரை விடுங்கள். பிறகு முனைகளை டேப்பால் சுற்றி மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. வாங்கிய கடையில் அதைச் சொல்லிக் கேளுங்கள்.