ஃபிரிஸ்கோ முகவரி இருந்தால் ஃபிரிஸ்கோ பள்ளி கிடைத்துவிடாது

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஃபிரிஸ்கோ இருக்கிற டாலஸ் பக்கம் வேலை மாறி வருகிறவர்கள் பலர் வீடு பார்க்கும்போது செய்கிற தவறு ஒன்றுதான்: முகவரியில் ஃபிரிஸ்கோ என்று இருந்தால் பிள்ளைக்கு ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி. (அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம்) பள்ளி என்று நினைத்துக்கொண்டு லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஊர் எல்லை வேறு, பள்ளி மாவட்ட எல்லை வேறு. ஃபிரிஸ்கோ நகரத்தின் சில பகுதிகள் பிராஸ்பர், லூயிஸ்வில், லிட்டில் எல்ம் பள்ளி மாவட்டங்களில் இருக்கின்றன, அதேசமயம் பிளேனோவிலும் மெக்கின்னியிலும் சில தெருக்கள் ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.க்குள் வருகின்றன. வீட்டுத் தரகர் சொல்வதை நம்பாமல், பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் கதவு எண்ணோடு முகவரியைப் போட்டுப் பாருங்கள், எந்த எலிமெண்டரி, எந்த மிடில், எந்த ஹை ஸ்கூல் என்று காட்டிவிடும்.

ஐ.எஸ்.டி. என்பதில் ஐ என்றால் சுயேச்சை. பள்ளிகள் மேயருக்குக் கீழே வராது, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் 7 பேர் குழு நடத்துகிறது, சொத்து வரியையும் தனியாகப் போடுகிறது. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் பிள்ளையைச் சேர்க்கும் உரிமை அதேதான், சொந்த வீடா என்று யாரும் கேட்பதில்லை.

சேர்க்கும்போது லீஸ் பத்திரம், கரண்ட் பில், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை கேட்பார்கள். நண்பர் வீட்டில் தங்கியிருந்தால் அவர் உறுதிமொழி எழுதித் தர வேண்டியிருக்கும். விசாவைப் பார்த்து இடம் மறுக்க முடியாது. இதே டெக்சாஸில் டைலர் என்ற ஊரில், ஆவணமில்லாத பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டதில் தொடங்கிய வழக்கில்தான், எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி உண்டு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஜூன் மாதத்தில்தான் சேர்க்கை என்பதும் இங்கே இல்லை, ஆண்டின் நடுவில் வந்து இறங்கினாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

வயதுக் கணக்கில் மட்டும் கறார். செப்டம்பர் 1 அன்று 5 முடிந்திருந்தால் அந்த ஆண்டே கிண்டர்கார்டன், செப்டம்பர் 2 பிறந்த நாள் என்றால் பொதுவாக ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம், நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இதை. 4 வயதுக்கு இலவச ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) எல்லோருக்கும் இல்லை. வருமானம் குறைந்த குடும்பம், ராணுவக் குடும்பம் என்று தகுதிகள் வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று, பிள்ளைக்கு ஆங்கிலம் பேசிப் புரிந்துகொள்ள வராமல் இருப்பது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளை இதில் வரலாம், சின்னத் தேர்வு வைத்துப் பார்த்துச் சேர்ப்பார்கள், இதற்கு அப்பாவின் சம்பளம் கணக்கில்லை. ஆனால் சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்ன என்று கேட்கிற இடத்தில், குறைவாக நினைத்துவிடுவார்களோ என்று பயந்து ஆங்கிலம் என எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ் என்றே எழுதுங்கள். பெரிய பிள்ளையானாலும் ஆங்கிலம் பிடிபடும்வரை தனி உதவி இலவசமாகக் கிடைப்பது அந்தப் பதிலில் தொடங்குகிற நடைமுறையால்தான்.

இன்னொன்று, ஒரு பள்ளிக்காகவே கூடுதல் வாடகை கொடுத்து வருகிறீர்கள் என்றால், வேகமாக வளர்கிற இந்த ஊர்களில் புதுப் பள்ளி கட்டும்போது எல்லைக்கோட்டை மாற்றி வரைவார்கள், உங்கள் தெரு வேறு பள்ளிக்குப் போய்விடலாம். குடியுரிமை இல்லாவிட்டால் பள்ளிகளை நடத்தும் அந்த 7 பேர் குழுவுக்கான தேர்தலில் ஓட்டுப் போட முடியாது, சரி. ஆனால் எல்லை பற்றிக் கூட்டம் நடக்கும்போது பெயர் கொடுத்துவிட்டுப் போய்ப் பேசலாம், அதற்கு விசா தடையில்லை.