காம் போர்ட் வரவில்லை என்று போர்டைக் குப்பையில் போடாதீர்கள்

ஏடிடைனி85 சிப் உள்ள, நிரல் ஏற்றி ஓட்டும் சிறிய டிஜிஸ்பார்க் போர்டு "செத்துப்போச்சு" என்று வருவதில் பெரும்பாலானவை நல்ல போர்டுகள். சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: கணினியில் காம் போர்ட் (சீரியல் இணைப்பு) வரவில்லை.

வராது. நிரல் ஏற்றுவதற்கென்று என்றைக்குமே வராது. யுஎஸ்பியை சீரியலாக மாற்றித் தரும் சிப் ஆர்டுயினோ ஊனோ, நானோ போர்டுகளில் உண்டு, இதில் கிடையாது. ஏடிடைனி85-க்குள் யுஎஸ்பிக்கான சர்க்யூட்டே இல்லை, பூட்லோடர்தான் (புது நிரலை வாங்கி ஏற்ற சிப்பிலேயே இருக்கும் சிறு நிரல்) மென்பொருளாலேயே சமாளிக்கிறது. செருகியதும் ஏறக்குறைய 5 விநாடி புது நிரலுக்காகக் காத்திருக்கும். வராவிட்டால் ஏற்கெனவே உள்ள நிரலை ஓட்டப் போய்விடும். கணினி அப்போது 'இணைப்பு போய்விட்டது' என்று ஒலி எழுப்பும். அந்த ஒலி பழுது அல்ல. பூட்லோடர் உயிரோடு இருப்பதற்கு அடையாளம்.

ஆகவே ஆர்டுயினோ ஐடிஇயில் (நிரல் எழுதி ஏற்றும் மென்பொருள்) போர்ட் மெனுவைத் தொடவே வேண்டாம். போர்டு பட்டியலில் 16.5 மெகாஹெர்ட்ஸ் டிஜிஸ்பார்க்கைத் தேர்ந்தெடுங்கள். போர்டைக் கழற்றி வைத்துவிட்டு அப்லோட் கொடுங்கள். செருகச் சொல்லிச் செய்தி வந்த பிறகு, 60 விநாடிக்குள் செருகுங்கள். முதலில் செருகிவிட்டு அப்லோட் கொடுத்தால் அந்த 5 விநாடி கடந்திருக்கும்.

அப்படியும் ஏறவில்லையா? மைக்ரோ யுஎஸ்பி வகை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா கம்பிகள் இருக்காது. விளக்கு மட்டும் எரியும். அடுத்து, விண்டோஸில் டிரைவர், லினக்ஸில் யுடெவ் விதி (சாதனத்தைப் பயன்படுத்த அனுமதி தரும் அமைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி 3 போர்ட் முரண்டு பிடித்தால் நடுவில் ஒரு யுஎஸ்பி 2 ஹப் வையுங்கள். நேரடி போர்ட்டைவிட ஹப் நல்லது: வயரிங்கில் ஷார்ட் ஆனால் அடி முதலில் ஹப்புக்கு விழும்.

பி3, பி4 இரண்டும் யுஎஸ்பி டேட்டா பின்கள். அவற்றில் எல்இடியோ சென்சாரோ மாட்டியபடி அப்லோட் செய்தால் தோற்கும், கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பிளிங்க் (எல்இடியை மினுக்கும் மாதிரி நிரல்) ஏறியும் போர்டு எல்இடி மினுக்கவில்லையென்றால் பின் எண்ணைப் பாருங்கள்: சில போர்டுகளில் பி1, சிலவற்றில் பி0.

தயவுசெய்து ஒன்று மட்டும் கேளுங்கள். பி5-ஐ சாதாரணப் பின்னாக்க ரீசெட் ஃபியூஸை (அந்தப் பின்னின் ரீசெட் வேலையைத் தீர்மானிக்கும் சிப் அமைப்பு) மாற்றாதீர்கள். மாற்றிவிட்டால் ஊனோவை ஐஎஸ்பியாக (சிப்பில் நேரடியாக நிரல் எழுதும் கருவி) வைத்துப் பூட்லோடரை மீட்கும் வழி அடைபடும். பிறகு 12 வோல்ட் புரோகிராமர்தான் வேண்டும்.