'சி' போட்டால் 'ரீய' போடாதீர்கள்

ஸ்பெயினில் வேலைக்கு விண்ணப்பித்த மாணவர் ஒருவர், கடிதத்தை அனுப்பிவிட்டு அப்புறம் என்னிடம் காட்டினார். "உங்கள் நிறுவனத்தில் வேலை செய்தால்" என்பதற்கு 'சி த்ரபஹரீய' என்று எழுதியிருக்கிறார், அதுவும் முதல் வரியிலேயே. 'சி த்ரபஹார' என்றுதான் வர வேண்டும். ஸ்பானியத்தில் 'சி' என்பது நம் 'ஆல்' போன்ற நிபந்தனைச் சொல், 'ரீய' என்பது "அப்படியானால் செய்வேன்" என்று விளைவைச் சொல்லும் வினையின் முடிவு. (அழுத்தம் விழும் இடத்தை நெடிலாக எழுதியிருக்கிறேன், வாய்விட்டுப் படியுங்கள்.) ஏன் இப்படி என்று கேட்டால், வகுப்புக்கு வகுப்பு நான் கேட்கிற அதே பதில்: "இனிமேல் கிடைக்கப்போகிற வேலைக்கு எதற்கு சார் இறந்தகாலம்?"

பாடப்புத்தகம் இந்த வடிவத்துக்கு 'ப்ரெத்தேரிதொ இம்பெர்ஃபேக்தொ தெ சுப்ஹுந்தீபொ' என்று பெயர் வைத்திருப்பதால் வந்த வினை இது. பெயரில்தான் இறந்தகாலம். 'சி'-யோடு வரும்போது அது காலத்தைச் சொல்லவில்லை, நடக்குமா என்ற சந்தேகத்தைச் சொல்கிறது. நாமும் "நாளைக்கு மழை பெய்தால்" என்றுதானே சொல்கிறோம்? 'பெய்த்' இறந்தகால அடி, மழையோ நாளைக்கு. யாருக்கும் உறுத்துவதில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: நமக்கு நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் ஒரே 'ஆல்' போதும், ஸ்பானியத்தில் போதாது. "எனக்குப் பரிசு விழுந்தால்" என்பதையே பாருங்கள்: ஸ்பெயினின் டிசம்பர் 22 கிறிஸ்துமஸ் லாட்டரிக்குச் சீட்டு வாங்கி நம்பிக்கையோடு இருப்பவர் 'சி கானொ' என்பார், "எனக்கெல்லாம் எங்கே விழப்போகிறது" என்று நினைப்பவர் 'சி கனார' என்பார். இரண்டுமே எதிர்காலம்தான்!

வடிவத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். "அவர்கள் பேசினார்கள்" என்பது அப்லாரொன். கடைசி 'ரொன்' போய் 'ர' வந்தால் அப்லார. கொமியேரொன் (சாப்பிட்டார்கள்), கொமியேர. பிபியேரொன் (வாழ்ந்தார்கள்), பிபியேர. அவ்வளவுதான். மூல வினையோடு ஓர் 'அ' சேர்த்தால் போதும் என்ற குறுக்குவழியைச் சிலர் பிடித்துக்கொள்கிறார்கள், 'அப்லார்' தற்செயலாகச் சரியாக அமைந்துவிடுவதால் பழக்கம் ஊறிவிடுகிறது, பிறகு 'கொமேர்' வந்ததும் 'கொமேர' என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள்.

அழுத்தக்குறி அலங்காரம் இல்லை. அப்லார என்றால் "பேசினால்" என்கிற ஐயம், கடைசி எழுத்தில் குறி போட்டு அப்லரா என்றால் "பேசுவார்" என்கிற உறுதி. 'நாம்' வடிவமான அப்லாரமொஸுக்குக் குறி கட்டாயம்.

வட ஸ்பெயினில் பாஸ்க் பகுதியிலும் புர்கோஸ் பக்கமும் 'சி'-க்குப் பிறகு 'ரீய' போட்டுப் பேசுவது உண்டு, அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் வாதாட வேண்டாம், தேர்வில் அது தவறு. "ஏதோ ... போல" என்கிற 'கோமொ சி' வந்தால் நிகழ்கால வடிவம் வேண்டவே வேண்டாம். 'ர'-வுக்குப் பதில் 'செ' போடும் இன்னொரு வரிசையை (அப்லார என்பதற்கு அப்லாசெ) பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள், எழுத 'ர' போதும்.

கடிதத்தை அனுப்பும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள், ப்ளீஸ்: நிபந்தனையாக வரும் ஒவ்வொரு 'சி'-யின் மீதும் விரல் வைத்து, அடுத்த வினை எப்படி முடிகிறது என்று பாருங்கள்.